சிவப்பு வாளிக்கு ஒரு டம்ளர்

ஆகஸ்ட் 5, திங்கள்

இந்த டைரி பியூலா கொடுத்தது. உரக்கம்பெனிக்காரர்கள் துறைக்கு இலவசமாகத் தந்தார்களாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வெண்டைக்காய் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

"அக்கா, வாளிக்கு என்ன செஞ்சாலும் அன்னன்னைக்கு இதுல எழுதிருங்க. பெறகு பதிவேட்டுல நீட்டா ஏத்திக்கிடலாம்" என்றாள். வாளியைப் பற்றி மட்டும் எழுத நான் என்ன வாளிக்கா வாக்கப்பட்டிருக்கிறேன்? மனதில் பட்டதையெல்லாம் எழுதுவேன். யார் படிக்கப்போகிறார்கள்?

நான் உலகம்மாள். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் துறையின் ஆய்வக உதவியாளர். பதினோரு வருஷமாக ஒப்பந்த வேலை. பியூலா ஆராய்ச்சி மாணவி, நாசரேத்துப் பிள்ளை. இது அவளுக்கு ஆறாவது வருஷம். உதவித்தொகை நின்றுபோனதால் காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, திங்கள், செவ்வாய், வியாழன் மட்டும் சாயங்காலம் ஓடி வருவாள். மற்ற நேரமெல்லாம் அவளுடைய செடிகளுக்கு நான்தான் தாய், தகப்பன், தாலுகா ஆபீஸ்.

துறைக்குப் பின்னால் பச்சை வலை போட்ட நெட் ஹவுஸில் பன்னிரண்டு பிளாஸ்டிக் வாளிகள். எதிலும் ஓட்டை கிடையாது. ஒவ்வொன்றிலும் ஒரு கேந்தி, அதாவது செண்டுமல்லிச் செடி. மண்ணுக்கு மேலே வெள்ளைக் கூழாங்கல், வெயில் ஈரத்தைக் குடித்துவிடாமல் இருக்க. கல்லை யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். நீல வாளி ஆறும் செல்லப்பிள்ளைகள். தினம் காலையில் எடை போட்டு, ஒன்பது கிலோ வருகிறவரை தண்ணீர் ஊற்ற வேண்டும். சிவப்பு வாளி ஆறும் பாவப்பட்டவை. ஆறு கிலோவுக்குக் குறைந்தால்தான் தண்ணீர், அதுவும் ஆறு கிலோ வரைதான். தாகம் வந்தால் வேரிலும் இலையிலும் எந்த செல் சாகிறது, அப்படியும் செடி எப்படி வளர்ந்து பூக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

அக்டோபர் 21ஆம் தேதி ஆய்வுக்குழு கூடுகிறது. அதில் தேறாவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருஷமும் போச்சு. தேறினால் மைசூரில் ஒரு ஆராய்ச்சி வேலை அவளுக்காகக் காத்திருக்கிறது.

இன்னொரு சட்டமும் உண்டு. "தப்பா எழுதிட்டா கிறுக்கி அழிக்கக் கூடாதுக்கா. ஒரே ஒரு கோடு. மேல சரியானத எழுதி, கையெழுத்து, தேதி. பழசும் தெரியணும், புதுசும் தெரியணும்."

எல்லா வாளியும் ஒன்பது கிலோ. வீட்டுக்கு வந்து மாவாட்டினேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

முதல் சிவப்பு வாளி, அதாவது சிவப்பு ஒன்று: 6.7 கிலோ. மத்தியானம் பார்த்தால் ஆறு செடியும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கின்றன, சம்பந்தி வீட்டில் சாப்பிடக் கூப்பிடாத ஆட்கள் மாதிரி.

துறைத் தலைவர் தளவாய் சார்தான் பியூலாவின் வழிகாட்டி. மீசைக்கு மட்டும் கன்னங்கரேலென்று சாயம் போடுவார், தலையை அப்படியே விட்டுவிடுவார். மேலே வெள்ளை, கீழே கறுப்பு. இனி இந்த டைரியில் அவருக்குப் பெயர் சாயம்.

சாயம் வந்தார், பார்த்தார். "அய்யோ பாவமா இருக்கு சார்" என்றேன். "ஏம்மா உலகு, ஆராய்ச்சியில இரக்கத்துக்கு எடமே கெடையாது. தண்ணி ஒரு சொட்டு கூடிச்சுன்னா அந்தப் பிள்ளைக்க ஆறு வருஷம் தண்டம். தெரிஞ்சுக்கோ" என்று முழங்கிவிட்டுப் போனார்.

கல் நெஞ்சக்காரர்.

ஆகஸ்ட் 14, புதன்

சிவப்பு ஒன்று: 6.4.

ஒரு டம்ளர். ஒரே ஒரு டம்ளர், ஆளுக்கு. ஒரு டம்ளரில் என்ன ஆகிவிடப்போகிறது? எடை போட்ட பிறகுதான் ஊற்றினேன். பதிவேட்டில் எடைக்குக் கட்டம் இருக்கிறது, டம்ளருக்குக் கட்டம் இல்லை.

ஐந்து மணிக்கு சாயம் "மேற்பார்வை" என்று சாவி வாங்கிப் போனார். திரும்பும்போது பேண்ட்டின் கீழ்ப்பக்கம் நனைந்திருந்தது. கழிப்பறை அந்தப் பக்கம் கிடையாது. வயசு.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நேற்று விடுமுறை. இன்று காலை சிவப்பு ஒன்று: 7.1. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன். 7.1. என் டம்ளர் கால் கிலோகூட வராது. வாளி எப்படி ஏறும்? தராசுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது.

வாட்ச்மேன் மைதீன் அண்ணன் பூனையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார், "ஏம்மா, அந்தச் செவப்பு வாளிக்கெல்லாம் என்ன தண்டன? கொல பண்ணிச்சா?" ஆராய்ச்சி என்றேன். "நல்ல ஆராய்ச்சி" என்று பூனையிடம் சொன்னார்.

தொழுகை முடிந்து அவர் வந்த பிறகு கழிப்பறை மக்கைக் காணோம். தேடினால் நெட் ஹவுஸ் வாசலில் கிடக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாது.

செடிகளுக்கு இன்றும் ஒரு டம்ளர். ஒருநாள் விட்டு ஒருநாள்தானே.

ஆகஸ்ட் 17, சனி

சிவப்பு ஒன்று: 8.0. சரிதான், தராசு போய்விட்டது.

நிச்சயப்படுத்திக்கொள்ள, மளிகைக் கடையில் வாங்கிய ஒரு கிலோ துவரம்பருப்புப் பாக்கெட்டை வைத்தேன். தொள்ளாயிரத்து இருபது காட்டுகிறது. பருப்பு குறைகிறது, வாளி கூடுகிறது. இப்படி ஒரு தராசை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை எப்படிப் பட்டம் வாங்கும்?

வாளி ஆறு கிலோவில் இருக்க வேண்டும் என்று பியூலாவே சொல்லியிருக்கிறாள். செடியும் வாடித்தான் கிடந்தது. அதனால் பதிவேட்டில் 6.0 என்று போட்டேன். இந்த டைரியின் கடைசிப் பக்கங்களில் ஆறு வாளிக்கும் தராசு சொன்னதைத் தினமும் எழுதிவைக்கிறேன். யார் பக்கம் தப்பு என்று பிறகு தெரியும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

சிவப்பு ஒன்று: 9.6. நேற்றைவிட முக்கால் கிலோ கூடுதல். கவனித்துப் பார்த்துவிட்டேன், வியாழக்கிழமையும் சனிக்கிழமையும்தான் இந்தத் தராசு எகிறுகிறது. குருவும் சனியும் ஒரு இயந்திரத்துக்கு இப்படிச் சரியில்லாமல் போய் நான் கேள்விப்பட்டதில்லை. பதிவேட்டில் 6.0.

பியூலா சாயங்காலம் வந்தாள். செடிகள் தொங்குவதைப் பார்த்து அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "சூப்பரா வாடுதுக்கா!" பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறினதுபோலச் சொல்கிறாள். பதிவேட்டைப் புரட்டினாள். ஆறு, ஆறு, ஆறு. "நீங்க இல்லேன்னா நான் செத்தேன்" என்றாள்.

டம்ளர் ஊற்றியும் ஏன் இன்னும் வாடுகிறது? ஒரு டம்ளர் போதவில்லை போல. நாளையிலிருந்து இரண்டு.

செப்டம்பர் 3, செவ்வாய்

இலை ஒன்றைக் கிள்ளி நீலச் சாயத்தில் முக்கி நுண்ணோக்கியில் காட்டினாள். அங்கங்கே நீலத் திட்டு.

"நீலமா இருக்கதெல்லாம் செத்த செல்லுக்கா. உயிரோட இருக்கது சாயத்த உள்ள விடாது. செத்துட்டா யாரு வந்தாலும் உள்ள விட்டுரும்."

"நம்ம மைதீன் அண்ணன் மாதிரி. முழிச்சிருந்தா ஒரு ஈ உள்ள போவாது, தூங்கிட்டாவன்னா யானையே போகும்" என்றேன். சிரித்துச் சிரித்துக் கண்ணாடித் தகட்டை உடைத்துவிட்டாள்.

கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. அது நோயில்லையாம். கஷ்டகாலத்தில் செடி தானே கிழட்டு இலையைச் சாகவிட்டு, அதிலிருக்கும் சத்தை உருவி மொட்டுக்கு அனுப்புமாம். வீட்டில் என் மாமியார் காதில் இது விழக்கூடாது.

செப்டம்பர் 12, வியாழன்

சிவப்பு ஒன்று: 10.6. பதிவேட்டில் 6.0. வாளிகளின் வெளிப்பக்கமெல்லாம் ஈரம். வெயிலில் வாளிக்கும் வேர்க்கும் போல. நெட் ஹவுஸில் சாக்கடை நாற்றம் வேறு. எலி எங்கேயோ செத்துக் கிடக்கிறது.

நீல வாளி ஒன்றில் ஒன்பது பூ, உள்ளங்கை அகலம். சிவப்பு ஒன்றில் மூன்று, சட்டைப் பொத்தான் அளவு. தண்டின் அடியில், கல்லுக்கு மேலே, வெள்ளை வெள்ளையாக வேர் எட்டிப் பார்க்கிறது. மேலே எதற்கு வேர்? தண்ணீர் தேடுகிறதோ என்னவோ. மூன்று டம்ளர் ஊற்றினேன்.

வடையும் டீயும் வாங்கி இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பியூலாவுக்கு மைசூரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பட்டம் கிடைத்தால் ஜனவரியில் சேரலாமாம். அங்கே குளிருமா, கம்பளி வாங்கவா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு முன்னால் இங்கே நாலு ஆராய்ச்சிப் பிள்ளைகள் இருந்து போயிருக்கிறார்கள். கடைசி நாளில் எல்லாரும் "ஃபோன் பண்ணுதேன்க்கா" என்பார்கள். பண்ணமாட்டார்கள்.

அவள் போனால் எனக்கு ஒன்றும் இல்லை. வடை ஒன்று மிச்சம்.

செப்டம்பர் 25, புதன்

சிவப்பு ஒன்று: 10.7. சாயம் சாவி வாங்கிப் போனார். பேண்ட் நனைந்தது. டாக்டரைப் பார்க்கச் சொல்லலாமா? பொம்பளை நான் எப்படிச் சொல்வது?

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. ஆய்வகத்தை ஒட்டடை அடித்து, எல்லா இயந்திரத்தையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். நுண்ணோக்கிக்குத் தாராளமாக வைத்தேன், பியூலாவுக்குத் தேவைப்படுகிறதாயிற்றே. தராசுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டு. இனிமேலாவது புத்தி வரட்டும்.

பியூலா ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைதான், ஆனால் பொரிகடலையில் பாதி அவள் வயிற்றுக்குள்தான் போனது.

அக்டோபர் 14, திங்கள்

மூன்று நீல வாளி, மூன்று சிவப்பு வாளி. செடிகளைப் பிடுங்கி, வேரை மெல்லிசாக, வெங்காயச் சருகைவிட மெல்லிசாக நறுக்கினாள். நுண்ணோக்கியில் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா இது, ஓட்ட ஓட்டயா இருக்கு?"

எனக்குத் திக்கென்றது. சந்தனம்! குழலுக்குள் இறங்கிவிட்டது. பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைத்தேன். மறுபடி பார்த்தாள். நானும் பார்த்தேன். வேரின் நடுவில் வட்ட வட்டமாக வெறும் இடம், ஆப்பத்தில் கண் விழுந்ததுபோல. நீல வாளி வேரில் ஒன்றுமில்லை.

"தாகத்துல கெடக்க செடிக்கு இவ்ளோ பெரிய ஓட்ட வராதுக்கா. இது தண்ணியில முங்கின செடி. வேருக்கு மூச்சு முட்டுச்சுன்னா, நடுவுல இருக்க செல்லு கொஞ்சம் தானாவே செத்து வழி விடும், மேல இருந்து காத்து எறங்கதுக்கு. தண்டுல புதுசா வேர் விடும். மூச்சு முட்டுனாலும் எல வாடித்தான் தொங்கும், தாகத்துல வாடுத மாதிரியே இருக்கும். ஆனா நம்ம வாளி ஆறு கிலோதானக்கா?"

ஜன்னலில் என் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டேன்.

அதாவது, மூச்சு முட்டி வாடியதைத் தாகம் என்று நினைத்து, வாட வாட ஊற்றியிருக்கிறேன். ஊற்ற ஊற்ற வாடியிருக்கிறது. ஆனால் என் டம்ளரால் மட்டும் ஒரு வாளி முங்குமா?

அக்டோபர் 15, செவ்வாய்

சாயம் வேரைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். முகம் மீசையைவிடக் கறுத்தது. "ரெண்டு மாசமா தெனம் சரியா ஆறு. ஒரு கிராம் கூடல, கொறையல. எந்தச் செடிம்மா இப்பிடி நிக்கும்? வீட்டுல உக்காந்து நம்பர் போட்டியா? திங்கக்கிழம குழு வருது. பொய்த் தரவுன்னு நானே சொல்லிருவேன். என் கையெழுத்து கெட்டுப்போகக் கூடாது."

பியூலா அழவில்லை. "சார், பதிவேடு அக்கா எழுதுனது. அக்கா தப்பா எழுத மாட்டாவ" என்றாள்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அக்டோபர் 16, புதன்

எடை மட்டும் போட்டேன். டம்ளரைத் தொடவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

மிச்சமிருக்கும் சிவப்பு வாளிகளை எடை போட்டேன். நேற்றைவிட ஒரு கிலோ கூடுதல். நேற்று நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

டைரியை முதலிலிருந்து படித்தேன். உண்மையான எடை ஒன்றுவிடாமல் இதில் இருக்கிறது. பியூலா வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை, பொய் எழுதியது நான்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடையாது. ஆனால் இதில் வேறு என்னென்னவும் இருக்கிறது. சாயம் இருக்கிறது. பேண்ட் இருக்கிறது. மாமியார் இருக்கிறார். வடை தின்ற செப்டம்பர் 12 இருக்கிறது.

எண்களை மட்டும் புது நோட்டில் எழுதிக் கொடுத்துவிடலாமா என்று பார்த்தேன். அழகாக, நீட்டாக. அப்புறம் யார் நம்புவார்கள்? நீட்டாக எழுதித்தானே இந்தக் கதி. மறைத்துவிட்டால் என் வேலை தப்பும். அவள் ஆறு வருஷம் போய்விடும். பதினோரு வருஷம் பெரிதா ஆறு வருஷம் பெரிதா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். எனக்குப் பதினொன்றுதான் பெரிதாகப் பட்டது. அப்படியும் சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

"நான்தான் ஊத்துனேன். பாவமா இருந்துச்சு. பதிவேட்டுலயும் நான்தான் பொய் எழுதுனேன். தராசு கெட்டுட்டுன்னு நெனச்சேன்."

அவள் டைரியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. ஆறு வருஷம்க்கா" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

உள்ளே அவள் டைரியைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் பக்கம் புரட்டுகிற சத்தம் மட்டும். பிறகு களுக்கென்று ஒரு சிரிப்புக் கேட்டது. எந்தப் பக்கம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வெளியே வந்து, "உங்க டம்ளர் கணக்குல வாளி முங்காதுக்கா. வெள்ளிக்கெழம ஒரு கிலோ, புதன்கெழம ஒரு கிலோ, யாரோ ஊத்திருக்காவ. நாளைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு" என்றாள்.

இதை எழுத டைரியை இரவல் வாங்கி வந்திருக்கிறேன்.

அக்டோபர் 18, வெள்ளி

மத்தியானம் இரண்டு பேரும் நெட் ஹவுஸில் பெரணித் தொட்டிகளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தோம். கொசு பிய்த்துவிட்டது. இரண்டே காலுக்குக் கதவு திறந்தது. மைதீன் அண்ணன். கையில் கழிப்பறை மக். கூடவே பூனை.

"குடிங்கம்மா, குடிங்க. இந்த மனுசங்களுக்கு ஈவு இரக்கமே கெடையாது" என்று ஒவ்வொரு சிவப்பு வாளிக்கும் ஒரு மக்.

"அண்ணே!" என்று நான் எழுந்தேன். பூனை ஒரு பக்கம், மக் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"நோன்பு இருக்கவனுக்குக்கூட சாயங்காலமானா ஒரு வாய் தண்ணி உண்டும்மா. இதுக்கு ரெண்டு மாசமா இல்லேன்னா எப்படி?" என்று அவர் எங்களையே கேட்டார். பியூலாவுக்குக் கோபப்படத் தெரியவில்லை. திங்கட்கிழமை வந்து குழுவிடம் சொல்வீர்களா என்றாள். "அல்லா கேட்டாலும் சொல்லுவேன், குழு கேட்டா சொல்ல மாட்டேனா" என்றார்.

"அப்ப புதன்கெழம யாருட்டி?" என்றேன். பியூலா உதட்டைக் கடித்துக்கொண்டு, "திங்கக்கெழம தெரியும்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. தூக்கம் வரவில்லை. டைரியில் சாயத்தை மட்டும் மை கொட்டி மறைத்துவிடலாமா என்று பியூலாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். "கிறுக்கி அழிக்கக் கூடாது" என்று வைத்துவிட்டாள்.

அக்டோபர் 21, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குழுவுக்கு வெளியூரிலிருந்து நாச்சியார் என்று ஒரு பேராசிரியர் அம்மா வந்திருந்தார். கட்டைக் குரல், தடிமனான கண்ணாடி. சாயம் எழுந்து தொண்டையைச் செருமி, தரவு நம்பும்படி இல்லை என்று ஆரம்பித்தார். பியூலா நடுவே எழுந்து, பதிவேட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, வெண்டைக்காய் டைரியை அந்த அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"மேடம், பதிவேடு தப்பு. சரியான எடை இதுல இருக்கு. எழுதுனவுங்க இவுங்க."

அந்த அம்மா மனதுக்குள் படிப்பார் என்று நினைத்தேன். அங்கங்கே புரட்டி வாய்விட்டுப் படித்தார்! பாவப்பட்டவை, டம்ளர், துவரம்பருப்பு எல்லாம் வந்தது. நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அறைக்கு வெளியே நின்ற மைதீன் அண்ணன், மக் வருகிற இடத்தில் மட்டும் "ஆமா, நான்தான்" என்று தலையை நீட்டினார்.

"'ஐந்து மணிக்கு சாயம் மேற்பார்வை என்று சாவி வாங்கிப் போனார். திரும்பும்போது பேண்ட்டின் கீழ்ப்பக்கம் நனைந்திருந்தது. கழிப்பறை அந்தப் பக்கம் கிடையாது. வயசு.'" நிறுத்தினார். "சாயம்னா யாரும்மா?"

நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. முந்தின நாள் பக்கத்தைத் திருப்பி வாசித்துவிட்டு, அந்த அம்மாவே தளவாய் சாரின் மீசையைப் பார்த்தார். அறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

"புதன் சாயங்காலம் இவர் போறார். வியாழன் காலையில ஒரு கிலோ கூடுது. எல்லா வாரமும். போன வாரம்கூட. பதினாறாம் தேதி போனீங்களா சார்?"

சார் மின்விசிறியைப் பார்த்தார். பியூலாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"வாடிக் கெடந்துச்சுல்லா மேடம்..." என்றார்.

நாச்சியார் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் வந்த கண்ணீர். பிறகு ஒரே நிமிஷத்தில் கட்டைக் குரலுக்குத் திரும்பிவிட்டார். தாகம் பற்றிய ஆராய்ச்சி செத்தது. ஆனால் தண்ணீர் மிஞ்சினால் வேர் எந்த செல்லைச் சாகவிட்டு மூச்சு விடுகிறது, பூ எவ்வளவு சிறுக்கிறது என்பதற்குத் தினசரி எடை இருக்கிறது, வேர் இருக்கிறது, பக்கத்திலேயே ஒப்பிட நீல வாளி இருக்கிறது. வேண்டுமென்றே முங்கவைத்து இன்னொரு முறை ஒழுங்காகச் செய்ய வேண்டும். தலைப்பை மாற்றிக்கொள், ஆறு மாதம் நீட்டிப்பு, மைசூருக்கு நான் எழுதுகிறேன் என்றார். வழிகாட்டி பரிந்துரை வேண்டும் என்றதும் தளவாய் சார் பேனாவைத் தேடிய வேகத்தை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

"இன்னொன்னு. இந்த டைரியை நகல் எடுத்து ஆய்வேட்டுல பின்னிணைப்பா சேக்கணும். ஒரு பக்கம் விடக்கூடாது. ஒவ்வொரு பக்கத்துலயும் வழிகாட்டி சான்றொப்பம் போடணும்."

"ஒவ்வொரு பக்கத்துலயுமா?" என்றார் சார்.

அக்டோபர் 22, செவ்வாய்

சார் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று டிபன் பாக்ஸைக்கூடக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனேன்.

மேஜையில் டைரி. பியூலா பக்கத்தில் நிற்கிறாள். சார் வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்து ஆகஸ்ட் 14இல் நின்றார்.

"ஒன்னப் பத்தி மேலிடத்துக்கு எழுதணும்னா என்னப் பத்தியும் எழுதணும். அதனால எழுதல. பதிவேட்டுல இனி நீ பொய் எழுதுனேன்னா, அப்ப எழுதுவேன். ஆனா இது என்னம்மா, வயசுன்னு?"

"மன்னிச்சிருங்க சார்."

"அழிக்கலாமா?"

"ஒரே கோடு சார்" என்றாள் பியூலா. "மேல சரியானத எழுதி, கையெழுத்து, தேதி."

சார் ஸ்கேல் கேட்டார். 'வயசு' மேல் ஒரு கோடு இழுத்தார். மேலே 'செடிக்கு ஊற்றிய தண்ணீர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'சாயம்' என்பதைத் தொடவில்லை. அது சரியான தகவல்தானே.

நவம்பர் 6, புதன்

புது வாளிகள். இந்த முறை சிவப்பு வாளியில் தண்ணீர் நிற்க வேண்டும், பன்னிரண்டு கிலோ. நெட் ஹவுஸுக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. ஒரே சாவி. அதை நேற்று பியூலா என்னிடம் கொடுத்தாள். எனக்கா, என்னை நம்பியா என்று கேட்டேன். "வேற யாரு, நீங்கதான உண்மையான எடை எழுதுவீய" என்றாள்.

ஐந்து மணிக்கு சார் வந்தார். "ஏம்மா உலகு, இப்ப எல்லாம் முங்கிக் கெடக்கு, மூச்சு முட்டுமே. ஒரு மக் மோந்து வெளிய..." என்று இழுத்தார். கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"சார், ஆராய்ச்சியில இரக்கத்துக்கு எடமே கெடையாது" என்றேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு டம்ளர் மோந்து ஊற்றத்தான் கை வந்தது. ஊற்றவில்லை.

நகல் எடுக்கப்போன டைரி இன்றுதான் திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சாரின் கையெழுத்து. புரட்டிக்கொண்டே வந்தேன். செப்டம்பர் 12.

'அவள் போனால் எனக்கு ஒன்றும் இல்லை.' அதன்மேல் ஸ்கேல் வைத்து இழுத்த ஒற்றைக் கோடு. மேலே சின்ன எழுத்தில்: 'தகவல் பிழை. நிறைய இருக்கு. எனக்கும் இருக்கு. ஞாயிறுதோறும் ஃபோன் பண்ணுவேன்.' கீழே பியூலாவின் கையெழுத்து, தேதி. அதற்கும் கீழே, பக்கம் விடக்கூடாது என்பதால், தளவாய் சாரின் சான்றொப்பம்.

பழசும் தெரிகிறது, புதுசும் தெரிகிறது. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், டீ ஆறிப்போனது.

காலை எடை: சிவப்பு ஒன்று, 11.9. பதிவேட்டிலும் 11.9.